தெரியுமோ என்று கேட்டால்

போன மாதம் முழுவதும் என் தொலைபேசியைச் சொப்பிங் பை ஒன்றில் சுற்றி, சட்டைக்குள் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். கொடிகாமத்தில் தேங்காய் மொத்தமாக வாங்கி விற்கிற கடையொன்றில் நிற்கிறேன். மட்டை உரிக்கிற சத்தமும் லொறிச் சத்தமும் ஓயாத இடம் அது. மணியடித்துக் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று மார்போடு ஒட்டி வைத்திருந்தேன். அதிர்ந்தால் நெஞ்சுக்குத் தெரியுமே. கிணற்றடிக்குப் போனாலும் அது கூடவே வந்தது.

"என்னடாப்பா, வெளிநாட்டிலை இருந்து உன்னை மாப்பிள்ளை கேக்கினமோ?" என்றார் முதலாளி.

விசயம் இதுதான். ஒருவர் தன் வேலை விண்ணப்பத்தில் என் எண்ணைக் கொடுத்திருந்தார். யாரோ என்னை அழைத்து, "இவரைத் தெரியுமோ?" என்று கேட்பார்கள். நான் தெரியும் என்று சொல்ல வேண்டும். எப்படிப்பட்டவர் என்று கேட்பார்கள். அதையும் சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொன்னால் அவருக்கு வேலை கிடைக்கும், உளறினால் கிடைக்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் வாயை நம்பி இவ்வளவு பெரிய காரியத்தை விட்டிருந்தார் அந்தப் பெண்.

தேங்காய் எண்ணும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எங்கே தொடங்குவது என்பதே பிடிபடவில்லை. 'வேலைக்கு ஆள் பிடிக்கிறவ' என்று தொடங்கினால் பிழை. எங்கள் பக்கத்தில் ஆள் பிடிக்கிறது என்றால் சண்டைக் காலத்தை நினைத்து வீட்டுக் கதவைப் பூட்டுவார்கள். 'ஆட்களுக்கு வேலை எடுத்துக் குடுக்கிறவ' என்றால் முகவர் என்று நினைத்து, எவ்வளவு காசு என்று கேட்பார்கள். அவர் இரண்டும் இல்லை.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் மூக்குக் கண்ணாடிக் கடையொன்றின் மேல்மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள கொம்பனிகளுக்குச் சந்தைப்படுத்தல் வேலைக்கு ஆட்களைத் தேடிக் கொடுப்பார்கள். கதவு திறப்பது, கூட்டுவது, தேத்தண்ணி போடுவது, பின்னேரம் பூட்டுவது அப்போது என் வேலை. பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து பார்ப்பதும் நான்தான். அது சம்பளத்தில் சேர்ந்ததல்ல.

அவருக்கு முப்பது வயதிருக்கும். உடுவிலில் இருந்து ஸ்கூட்டியில் வருவார். எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் கூப்பிட்டேன்.

"மிஸ் எண்டு கூப்பிடாதேங்கோ அண்ணை. வீட்டுப்பாடம் செய்தனியோ எண்டு ஆரோ கேக்கப்போகினம் எண்டு எனக்கே பயமா இருக்கு," என்றார். அன்று முதல் அவர் எனக்குத் தங்கச்சி.

நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு என்னதான் செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். என் பயம் என்னவென்றால், கண் கெட்டுப்போனால் கீழே கண்ணாடிக் கடைக்காரருக்குத்தான் லாபம்.

"அண்ணை, கொடிகாமச் சந்தையிலை எல்லாம் வாங்கலாமோ?"

"ஓம். தேங்காய், மாம்பழம், மண்வெட்டி, எல்லாம்."

"திறமான பாரைக் கருவாடு வேணுமெண்டால்?"

"அதுக்கு ஏன் கொடிகாமம் போறது? கருவாடு மட்டும் விக்கிற ஆளிட்டைப் போகவேணும்."

"இதுவும் அப்பிடித்தான். எல்லா வேலையும் போடுற இணையத்தளத்திலை போய் நிண்டால் சாரதியும் வருவார், சமையல்காரரும் வருவார். நான் பாக்கிறது சந்தைப்படுத்தல் ஆக்களுக்கெண்டே இருக்கிற தளம். வாறவை தாங்கள் செய்த விளம்பரத்தையும் கொண்டுவந்து அங்கை போட்டு வைப்பினம். கருவாடு மாதிரி மணந்து பாத்து எடுக்கலாம்."

மணந்து பார்க்கிறது என்று அவர் சொன்னது சும்மா இல்லை. தளத்தில் ஒருவரைப் பிடித்துவிட்டால் திரையில் கூப்பிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "உங்கடை வீட்டுக் கிணத்துத் தண்ணியை எனக்கு வில்லுங்கோ பாப்பம்." வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சிலர் தண்ணீரில் என்னென்ன சத்து இருக்கிறது என்று பத்து நிமிடம் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாவங்கள். "மிஸ், எங்கடை தண்ணி உவர், உப்பு," என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தேத்தண்ணியோடு நிற்கிற நான்தான் மனதுக்குள் கத்துவேன். பிள்ளை, ஒரு பொய்யைச் சொல்லன்!

அதெல்லாம் தாண்டினாலும் வேலை முடியாது. உங்களைத் தெரிந்த மூன்று பேரின் எண்களைத் தாருங்கள் என்பார். பழைய மேலாளர்களின் எண்கள் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர், தையல்காரர், சைக்கிள் திருத்துகிறவர், இப்படி யாராவது. எழுதி வாங்கிய நற்சான்று எதையும் தொடமாட்டார். தானே தொலைபேசி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, "அவரைப் பற்றிச் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்," என்பார். அதற்குப் பிறகு வாயே திறக்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, பேனாவின் மூடியைக் கடித்தபடி இருப்பார். இதுதான் அவர். அவரைப் பற்றி ஒரே ஒரு விசயம்தான் சொல்ல வேண்டும் என்றால் அந்த மூடிய கண்ணைத்தான் சொல்வேன்.

"ஒராளை உண்மையாத் தெரிஞ்சவை, சொல்ல முதல் ஒரு மூச்சு விடுவினம் அண்ணை," என்பார். "எங்கை தொடங்கிறது எண்டு தெரியாமல் வாற மூச்சு. அந்த மூச்சு வந்தால் காணும், வேறை ஒண்டும் தேவையில்லை. மிச்சமெல்லாம் சோடனை."

ஒரு பெண் பிள்ளையைப் பற்றி அவருடைய ஆசிரியை மளமளவென்று நல்லதாகவே சொன்னார். இவர் திருப்தியில்லாமல் மூன்றாவது எண்ணுக்கு, ஒரு சைக்கிள் கடைக்காரருக்கு எடுத்தார். அந்த மனிதர் பெரிய மூச்சொன்று விட்டு, "அது ஒரு வாயாடி பிள்ளை. என்னோடை சண்டை பிடிச்சு நாலு மாசமாக் கதைக்கிறேல்லை. ஆனா என்ரை கடைக்கு இண்டைக்கு இருக்கிற பெயர்ப்பலகை அது கீறித் தந்தது," என்றார். இவர் மேசையில் தட்டினார். அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் பெரிய இடத்தில் இருக்கிறது.

ஆனால் எங்கள் ஊரில் இந்த வழி லேசாக ஓடவில்லை. ஒருமுறை கோப்பாய்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு எடுத்து, பக்கத்து வீட்டுப் பெடியனைத் தெரியுமா என்று கேட்டார். "அப்பிடி ஒராள் இஞ்சை இல்லை," என்று பதில் வந்தது. அதே நேரம் தொலைபேசிக்குள் இன்னொரு குரல், "மாமா, உங்கடை ஏணியை ஒருக்காத் தாறியளோ?" என்று கேட்டது. தேடுகிற பெடியனின் குரலேதான். இவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, முன்பின் தெரியாத ஆள் வந்து உவனைத் தெரியுமோ எண்டு கேட்டால் தெரியாது எண்டு சொல்லவேணும். இது சண்டைக் காலத்திலை எனக்கு அப்பா சொல்லித் தந்தது. தெரியும் எண்டு சொன்ன ஆக்கள்தான் கஷ்டப்பட்டது."

"அந்தக் காலம் முடிஞ்சுது அண்ணை."

"காலம் முடிஞ்சுது. வாய்க்கு அது தெரியாதே."

பகிடி விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை.

யாழ்ப்பாணக் கடற்கரையில் உள்ள கொழும்புத்துறைப் பெடியன் ஒருவனின் கதை அதற்குப் பிறகு நடந்தது. தகப்பன் கடலுக்குப் போகிறவர். பெடியன் நண்டு வாங்குகிற கொட்டில் ஒன்றுக்குத் தன் தொலைபேசியில் சின்னச் சின்ன விளம்பரப் படங்கள் எடுத்து, அவற்றைத் தளத்தில் போட்டு வைத்திருந்தான். இவர் அதைப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீரை விட்டு வெளியே வந்த நண்டு கமராவைப் பார்த்து முறைக்கிறது. 'காலையில் கோபமாக இருந்தது' என்று கீழே ஒரு வரி. அவ்வளவுதான். எனக்கு உடனே பசித்தது.

கிணற்றுத் தண்ணீர்க் கேள்விக்கு அவன் சொன்ன பதில் இன்னும் நினைவில் இருக்கிறது. "எங்கடை கிணறு உவர் மிஸ். ஆனா பக்கத்து வளவு நல்ல தண்ணிக் கிணத்துக்குப் போற ஒழுங்கை எங்கடை முத்தத்துக்குள்ளாலைதான் போகுது. வாறவை எல்லாரும் எங்கடை வாசலிலை நிண்டு கதைச்சிட்டுத்தான் போவினம். உங்களுக்கு அந்த வாசலை விக்கிறன்."

அவர் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். அவன் எண் தந்த மூன்று பேரும் நல்ல மூச்சு விட்டார்கள். வெளிநாட்டுக் கொம்பனிக்கும் அவனைப் பிடித்துக்கொண்டது. இனி ஒன்றே ஒன்றுதான் மிச்சம். விலாசம் சரிபார்க்க அந்தக் கொம்பனி தன்னுடைய ஆட்களைக் கொண்டு வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுக்கும். பெடியன் தாயின் எண்ணைக் கொடுத்திருந்தான்.

அழைத்தவர்கள் முன்பின் தெரியாத குரலில், உங்கள் மகன் இந்த விலாசத்தில்தான் இருக்கிறாரா, எவ்வளவு காலமாக, இப்போது எங்கே நிற்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். தாய் சொன்ன பதில்: "எனக்கு அப்பிடி ஒரு மகன் இல்லை."

தாயைத் திரும்பப் பேச வைத்தால் காரியம் சரியாகிவிடும் என்று இவர் அடுத்த நாளே புறப்பட்டார். தனியாகப் போக வேண்டாம் என்று சொன்ன குற்றத்துக்கு என்னையும் ஸ்கூட்டியில் ஏற்றினார். வழி முழுக்க நான் அம்மாளாச்சியைக் கூப்பிட்டது அவருக்குக் கேட்டிருக்கும்.

வீட்டு வேலிப் படலைக்கு உள்ளே நின்றபடி அந்த அம்மா கேட்டார். "ஆரைத் தேடுறியள்?"

இவர் பெடியனின் பெயரைச் சொன்னார்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

முற்றத்துக் கொடியில் நீலச் சேட்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. திரையில் அவன் போட்டுக்கொண்டு வந்த அதே சேட்டு. கடற்காற்றுக்கு இரண்டு கையையும் விரித்து ஆடியது.

"அந்தச் சேட்டு?" வாயை வைத்துக்கொண்டு இருக்கமாட்டாமல் நான் கேட்டுவிட்டேன்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது காத்திலை வந்தது."

இவர் வாதாடவில்லை. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளோ அம்மா?" என்றார். தண்ணீர் கேட்டு வந்தவளுக்கு யார்தான் இல்லையென்று சொல்வார்கள்? "எங்கடை உவர் பிள்ளை. பொறு," என்று செம்பை எடுத்துக்கொண்டு அந்த அம்மா முற்றத்து ஒழுங்கையால் பக்கத்து வளவுக்கு நடந்தார். பெடியன் சொன்ன அதே ஒழுங்கை. நல்ல தண்ணீரோடு திரும்பி வந்தார். இவர் முழுவதையும் குடித்தார்.

வெறுஞ்செம்பை வாங்கிக்கொண்டு அந்த அம்மா தானாகவே சொன்னார். "நேற்றும் போனிலை ஒராள் கேட்டது. எங்கை நிக்கிறான், எப்ப வருவான் எண்டு. சண்டை நேரம் மூத்தவனைக் கேட்டு வந்து கொண்டுபோனவைக்கு, உள்ளை சாப்பிடுறான் எண்டு சொன்னது நான்தான் பிள்ளை. நான்தான் சொன்னது." செம்பின் விளிம்பைத் துடைத்தார். "இந்தமுறை சொல்லேல்லை. இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பரீட்சை பாஸான பிள்ளையின் முகம் போல.

இவர் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "நீங்கள் சொன்னது சரி அம்மா. போட்டு வாறம்," என்றார். திரும்பி வரும்போது மெதுவாகத்தான் ஓட்டினார். எனக்கு அப்போதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து திரையில் வருகிற மேலாளரோடு இவருக்கு அன்று நடந்த சண்டையைத் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று கேட்டேன்.

"பெத்த தாயே மகன் இல்லை எண்டு சொல்லுறா. நான் கொம்பனிக்கு என்ன எழுதுறது?" என்றார் மேலாளர்.

"பெத்த தாய் எண்டபடியால்தான் சேர் அப்பிடிச் சொன்னவ."

"விளங்கேல்லை."

"உங்களுக்கு விளங்காது சேர்."

அது வேலைக்கு நல்லதல்ல என்று எனக்கே தெரிந்தது. யன்னலைச் சாத்தினேன். வேறு என்ன செய்ய முடியும்? கொம்பனி வேறொருவரை எடுத்துவிட்டது. தகவல் பொருந்தாதவர் என்று அந்தப் பெடியனின் பெயருக்குப் பக்கத்தில் குறித்தாகிவிட்டது. குறித்ததை அழிக்கிற வழி யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் அலுவலகத்துக்கு வந்தான். கோபத்தோடு வருவான் என்று நினைத்து நான் கதவுப் பக்கமாகவே நின்றேன்.

"அம்மாட்டை ஏதும் சொன்னியளோ மிஸ்?"

"இல்லை."

"சொல்லிப்போடாதேங்கோ. என்னைக் காப்பாத்திப்போட்டன் எண்டு சந்தோசமா இருக்கிறா."

நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியில் சீனி போட மறந்துவிட்டேன். அதை முழுவதும் குடித்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து இவருடைய வேலை மாறிவிட்டது. யாரையாவது ஒரு கொம்பனி எடுக்கப்போகிறது என்றால், முதலில் அந்தப் பிள்ளையின் தாய்க்கு இவரே தொலைபேசி எடுப்பார். "நான் உடுவில் பிள்ளை கதைக்கிறன் அம்மா. நாளைக்கு ஒராள் எடுத்து உங்கடை மகளைக் கேப்பார். பயப்பிடாதேங்கோ. ஓம், தெரியும், என்ரை பிள்ளைதான் எண்டு சொல்லுங்கோ. எங்கை, எனக்கு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்கோ பாப்பம்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பக்கத்தில் இருந்து அந்த ஒரு சொல் வர எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவசரப்படுத்தமாட்டார்.

மற்ற அலுவலகங்கள் பத்துப் பேரைச் சேர்க்கிற நேரத்தில் இவர் தாய்மாரோடு கதைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரிந்தது. கொழும்புக்கும் தெரிந்தது. இனி ஆட்களைக் கணினியே பார்த்துத் தெரிந்தெடுக்கும், யாழ்ப்பாணத்தில் கிளை தேவையில்லை என்று ஒரு நாள் திரையில் சொன்னார்கள். மேசைகள் கீழே இறங்கின. நான் பூட்டின கதவைத் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. அன்று மட்டும்தான்.

படிக்கட்டில் வைத்துத்தான் அவர் கேட்டார். "அண்ணை, நானும் இனி அந்தத் தளங்களிலை வேலை தேடவேணும். மூண்டு பேரின்ரை நம்பர் குடுக்கவேணும். ரெண்டு பேர் என்ரை வேலையைத் தெரிஞ்சவை. என்னைத் தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணும்."

"எனக்கு இங்கிலீசு வராது தங்கச்சி."

"தமிழிலை கேக்கலாம் எண்டு போட்டிருக்கு."

"பயத்திலை தெரியாது எண்டு சொல்லிப்போட்டன் எண்டால்?"

"அதுக்குத்தான் இப்ப பழகுவம்." அவர் நான்கு படி கீழே இறங்கி, முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையைக் காதில் வைத்து, "வணக்கம், உவவைத் தெரியுமோ?" என்றார்.

"ஆர் நீங்கள்? உங்களுக்கு என்ன வேணும்?" என்று என் வாய் கேட்டது.

அவர் படியிலேயே குந்தி இருந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். சிரிப்பில் வந்த கண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

போன கிழமை, லொறிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சு அதிர்ந்தது. பையைக் கிழித்துத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் ஓடினேன்.

ஒரு பெண் குரல். "வணக்கம்," என்றது. நானும் வணக்கம் சொன்னேன். அது எனக்காக நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அவருடைய பெயரை முழுதாகச் சொன்னது. "இவரை உங்களுக்குத் தெரியும் எனில் ஒன்றை அழுத்தவும். தெரியாது எனில் இரண்டை அழுத்தவும்."

"தெரியும்! நல்லாத் தெரியும்!" என்று கத்தினேன். அதே குரல் அதே வசனத்தைத் திரும்பச் சொன்னது. அப்போதுதான் விளங்கியது, அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒன்றைத் தேடி அழுத்தினேன். தெரியும் என்று வாழ்க்கையில் முதன்முதலாகச் சொன்னேன். அதையும் ஓர் இயந்திரத்துக்கு.

"இவருடைய நேர்மையை ஒன்று முதல் ஐந்து வரையான ஓர் இலக்கத்தால் மதிப்பிடவும்."

ஒன்றை அழுத்தினேன். வகுப்பில் கடைசி வரிசை வாங்கில் இருந்தவன் நான். ஒன்றாம் பிள்ளைக்கு மேலே ஒரு பிள்ளை இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். கடின உழைப்புக்கும் ஒன்று. மற்றவர்களோடு பழகும் விதத்துக்கும் ஒன்று.

"நன்றி," என்றது.

"பொறுங்கோ தங்கச்சி, நான் இன்னும் சொல்லேல்லை," என்று ஒரு மூச்சு விட்டுத் தொடங்கினேன். தண்ணீர் கேட்டதைச் சொன்னேன். காற்றில் வந்த சேட்டைச் சொன்னேன். மூடின கண்ணைச் சொன்னேன். காதிலிருந்து எடுத்துப் பார்த்தபோது திரை இருண்டு கிடந்தது.

லொறி ஓட்டுகிற தம்பி என் முகத்தைப் பார்த்து, என்ன என்று கேட்டான். சொன்னேன்.

"ஐயோ அண்ணை, அஞ்செல்லோ பெரிசு! நான் முந்திப் போனிலை பதிஞ்சு ஓட்டோ ஓடினனான். ஏறினவை ஒண்டு குடுத்துக் குடுத்துத்தான் கொம்பனி என்னை நிப்பாட்டினது."

வந்த எண்ணுக்குத் திருப்பி எடுத்தேன். மணியே அடிக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். முதலாளி தேங்காயைப் பார்க்கச் சொல்லிக் கத்தினார்.

பின்னேரம் அவரே எடுத்தார். மட்டை உரிக்கிற சத்தத்துக்கு நடுவே அந்தக் குரலைக் கேட்டதும் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தேன்.

"அண்ணை, எடுத்தவையாமே! தெரியாது எண்டு சொல்லிப்போட்டியளோ?"

"இல்லைத் தங்கச்சி. தெரியும் எண்டு சொன்னனான்."

"பாத்தியளோ! எனக்குத் தெரியும் நீங்கள் சொல்லுவியள் எண்டு." சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். "வேறை என்ன கேட்டவை?"

"இலக்கம் கேட்டது. எல்லாத்துக்கும் ஒண்டு குடுத்தனான். ஒண்டாம் பிள்ளை எண்டு."

அந்தப் பக்கத்தில் சத்தம் நின்றுவிட்டது. நான் மற்றக் காதைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு கண்ணை மூடினேன். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று அவரிடம்தான் பழகினேன். ஒரு மூச்சு வந்தது. நீளமான மூச்சு.

"அது காணும் அண்ணை," என்றார்.